அத்தியாயம் 6: எவ்வளவு, எதில், எந்தத் தேதியிலிருந்து

அறுபது பேர் வேலை செய்யும் பம்ப் உதிரிபாக ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோவை கணபதியில், அம்பத்தூர் எஸ்டேட்டில், ஓசூரில் என்று அந்த அளவில் எத்தனையோ உண்டு. முதலாளிக்கு எல்லோர் பெயரும் தெரியும். யார் வீட்டில் காதுகுத்து, யார் மகன் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான் என்பதுவரை தெரியும். அவசரத்துக்கு முன்பணம் கேட்டால் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுப்பார். சங்கம் வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுத்த மறுநாள் அதே மனிதர், "உங்களையெல்லாம் குடும்பமாட்டத்தானுங்க வெச்சிருந்தேன், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்பார். அதில் பாதி நடிப்பு, பாதி உண்மையான வருத்தம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கமிட்டி முதல் கூட்டத்திலேயே தடுமாறும்.

பெரிய கம்பெனியில் எதிரே உட்காருபவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர். பேச்சு முறிந்தால் அவர் பாக்கெட்டிலிருந்து எதுவும் போகாது. சிறு ஆலையில் எதிரே இருப்பவரின் வீட்டுப் பத்திரமே வங்கியில் அடமானமாக இருக்கலாம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நீங்களும் அவரும் அதே கேட்டில் முகம் பார்த்தாக வேண்டும். இங்கே சத்தத்தால் கிடைப்பது கொஞ்சம், கணக்கால் கிடைப்பது அதிகம், வாசகத்தால் கிடைப்பது அதைவிட அதிகம். தொகையில் ஜெயித்து வாசகத்தில் கோட்டைவிட்ட ஒப்பந்தங்கள் ஏராளம். உயர்வு எவ்வளவு, சம்பளச் சீட்டில் எந்தத் தலைப்பில் ஏறுகிறது, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் கேட்காத கமிட்டிக்குத்தான் அது நடக்கிறது.

பேச உரிமை யாருக்கு

சட்டம் மாறியிருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுவோம். 1926-ன் தொழிற்சங்கச் சட்டம், 1946-ன் நிலையாணைச் சட்டம், 1947-ன் தொழில் தகராறுகள் சட்டம் மூன்றையும் ஒன்றாக்கிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

சங்கம் பதிய, ஆலைத் தொழிலாளரில் பத்து சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது வேண்டும். ஆனால் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. நம் ஆலைக்கு ஏழு பேர் போதும். பதிவு செய்துவிட்டால் மட்டும் பேசும் உரிமை வந்துவிடாது. ஒரே சங்கம் இருந்தால், விதிகளில் சொன்ன நிபந்தனைக்கு உட்பட்டு, நிர்வாகம் அதோடுதான் பேச வேண்டும். இரண்டு மூன்று சங்கம் இருந்தால், பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம் பேசும். அறுபதில் 31 பேர். எந்தச் சங்கத்துக்கும் அந்தப் பலம் இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம், அதாவது 12 பேரையாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த கவுன்சில் பேசும். அதனால் சந்தா ரசீதுப் புத்தகம் ஒழுங்காக இருக்கட்டும். எண்ணிக்கையில் தகராறு வரும்போது அதுதான் சாட்சி சொல்லும்.

இந்தப் பதிவு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பின்னி மில் நிர்வாகம், தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார் என்று வாடியா மீது உயர் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தியதற்காகவே தலைவரின் மேல் நஷ்டஈட்டு வழக்கு போடலாம் என்ற நிலைமை அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1926 சட்டம். பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகி தொழில் தகராறில் எடுக்கும் நியாயமான நடவடிக்கைக்கு அது தந்த பாதுகாப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

இன்னொரு மாற்றம் சிறு ஆலைகளை நேராகப் பாதிக்கிறது. நிலையாணைகள் இனி 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்குத்தான் கட்டாயம். மெமோ, சார்ஜ் ஷீட், விசாரணை, சஸ்பென்ஷன் இவற்றுக்கெல்லாம் அறுபது பேர் ஆலையில் எழுதிவைத்த விதி இல்லாமல் போகலாம். ஆகவே ஒழுங்கு நடவடிக்கை முறையை ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாக எழுதி வாங்குங்கள். சம்பளப் பேச்சின் சூட்டில் இதை யாரும் நினைப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆறாவது மாதம் கமிட்டி உறுப்பினர் ஒருவருக்கு மெமோ வரும்போதுதான் நினைவுக்கு வரும்.

மனுவுக்கு முன் பட்டியல்

கோரிக்கை மனுவை யாரும் எழுதலாம். மனுவுக்கு முன்னால் தயாராக வேண்டியது சம்பளப் பட்டியல்: பெயர், சேர்ந்த தேதி, பேசிக், டி.ஏ., வீட்டு வாடகைப்படி, மற்ற படிகள், மொத்தம், பி.எஃப். பிடித்தம், மாத சராசரி ஓ.டி. அறுபது பேரின் சம்பளச் சீட்டையும் வாட்ஸ்அப்பில் படமாக வாங்கி ஒரு வாரத்தில் இதை முடிக்கலாம். முடித்த அன்றே சில விஷயங்கள் கண்ணில் படும். பத்து வருட சர்வீஸ்காரருக்கும் மூன்று வருடக்காரருக்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்பது தெரியவரும். ஒரே மெஷினில் நிற்கும் இருவரில் ஒருவர் 'டிரெய்னி' என்று நாலாவது வருடமும் பதிவாகியிருப்பார். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம். டிரெய்னி என்ற பெயரில் உண்மையான உற்பத்தி வேலை பார்ப்பவர் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பேச்சில் அது தனி ஆயுதம்.

கோவைப் பக்கம் இன்று ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர் இல்லாத பட்டறை அபூர்வம். கோரிக்கையை அவர்களுக்கு இந்தியில் யாராவது வாசித்துச் சொல்லட்டும். அவர்களை விட்டுவிட்டு எண்ணிய 31 பேர், வேலை நெருக்கடி நேரத்தில் 31 பேராக நிற்க மாட்டார்கள்.

அடுத்து முதலாளியின் நிலைமை. பிரைவேட் லிமிடெட் என்றால் தணிக்கை செய்த கணக்கு கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கலாகியிருக்கும். கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பங்குதாரர் நிறுவனம், தனி உரிமை என்றால் அந்த வழி கிடையாது. அங்கே டிஸ்பாட்ச் பகுதித் தோழர் உதவுவார்: மாதம் எத்தனை லோடு போகிறது, ஸ்கிராப் எவ்வளவு, புது மெஷின் எப்போது வந்தது. "பெரிய கம்பெனி பணம் தரலைங்க" என்று முதலாளி சொன்னால் அதை எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளாதீர்கள். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ன் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. வாங்குகிற பெரிய கம்பெனியின் மேல் புகார் கொடுக்க எந்தச் சிறு முதலாளிக்குத் துணிச்சல்? 2022-ன் மின்கட்டண உயர்வும் அவர்களை உண்மையிலேயே கடித்தது. இவற்றைப் பேச்சில் நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால், மீதிக் கணக்கை அவர் மறைக்க முடியாது. அதே சமயம் 1957-ல் கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கையில் வைத்திருங்கள்: குறைந்தபட்ச ஊதியம்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமை கிடையாது. அந்தக் கோட்டுக்கு மேலேதான் 'கொடுக்கும் சக்தி' என்ற பேச்சே தொடங்குகிறது.

மனுவில் நாற்பது கோரிக்கை அடுக்குவது பழைய வழக்கம். சோப்பு, துண்டு, ஷூ, கேண்டீன் வடை என்று போகும். நாற்பது இருந்தால் முப்பத்தைந்தை ஒப்புக்கொண்டு சம்பளத்தில் கைவிரிப்பது நிர்வாகத்துக்கு எளிது. பன்னிரண்டு போதும்.

மூவாயிரம் என்பது எவ்வளவு

மூன்று வருட ஒப்பந்தம், மாதம் 3,000 ரூபாய் உயர்வு என்று முடிவானதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலிருந்தே முழுத்தொகையும் ஏறினால் ஒரு தொழிலாளிக்கு 36 மாதத்தில் 1,08,000 ரூபாய் கிடைக்கும். முதல் வருடம் 1,500, பிறகு 750, 750 என்று பிரித்தால் 81,000. ஆயிரம் ஆயிரமாக மூன்று தவணை என்றால் 72,000. மூன்றுக்கும் பெயர் 'மூவாயிரம் ரூபாய் உயர்வு'தான். முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் ஆளுக்கு 36,000.

தவணையே கூடாது என்பதல்ல என் கருத்து. சிறு ஆலையில் முழுத்தொகையை ஒரே நாளில் ஏற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆனால் பேசும்போது மூன்று வருடக் கூட்டுத்தொகையை வைத்துப் பேசுங்கள். 60-20-20 என்று பிரித்தால் 86,400 வரும். முதலாளி ஆயிரம்-ஆயிரம்-ஆயிரம் என்றால், "அப்படின்னா மொத்தத்துல ஆளுக்கு 14,400 குறையுது, அதை எதுல ஈடு கட்டறீங்க?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு அவரது கணக்காளரிடம் பதில் இருக்காது. ஏனென்றால் அவரும் மாதத் தொகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது தேதி. பழைய ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிந்து, புதியது நவம்பர் இறுதியில் கையெழுத்தாகிறது. 'கையெழுத்தான தேதியிலிருந்து' என்று ஒரு வரி இருந்தால் எட்டு மாதம் போச்சு. முதல் தவணை 1,500 என்றால் ஆளுக்கு 12,000 ரூபாய். பேச்சை இழுத்தடிப்பதற்கு நிர்வாகத்துக்குக் கிடைக்கும் கூலி அது. ஏப்ரல் 1 முதல் அமல், அரியர்ஸ் இரண்டு தவணையில் என்று எழுதிவிட்டால் இழுத்தடிப்பதில் லாபம் இல்லை; பேச்சும் தானாகவே வேகமெடுக்கும்.

எந்தத் தலைப்பில் என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 3,000-மும் பேசிக்கில் ஏறினால் கிராஜுவிட்டி வருடத்துக்கு 3,000 × 15 ÷ 26, அதாவது சுமார் 1,731 ரூபாய் கூடும். இருபது வருடம் ஆனவருக்குச் சுமார் 34,600. அதையே 'சிறப்புப்படி' என்று வைத்தால் அந்தத் தொகை காற்றோடு போகும். புதிய சட்டத் தொகுப்புகள் இதில் ஒரு தடுப்பு வைத்திருக்கின்றன: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சும் பகுதி ஊதியமாகவே கருதப்படும். மொத்தம் 20,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் 8,000, படிகள் 12,000 என்றால், 2,000 ஊதியத்தில் சேர்ந்து கணக்கு 10,000 ஆகும். பாதிவரை படியாகவே வைத்திருக்க இன்னும் இடம் இருப்பதால், உயர்வில் குறைந்தது எழுபது சதவீதமாவது பேசிக்கில் என்று எழுதி வாங்குவது நல்லது.

"ஆயிரம் குடுத்தா எனக்கு ஆயிரத்து முந்நூறு ஆகுதுங்க" என்று முதலாளி சொல்வார். கணக்கு இப்படி: பி.எஃப். நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, கிராஜுவிட்டி 4.81, போனஸ் 8.33. கூட்டினால் 29 சதவீதத்துக்கு மேல். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பல ஆலைகளில் பி.எஃப். 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்தப்படுகிறது. அதைத் தாண்டியவருக்கு உயர்வு கொடுத்தால் பி.எஃப். ஒரு பைசா கூடாது. போனஸ் கணக்கிடுவது 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதன் மேல். உங்கள் ஒப்பந்தத்தால் அது மாறாது. 21,000-ஐத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை. அப்படிப்பட்ட தொழிலாளிக்காக ஓ.டி. நீங்கலாக முதலாளிக்கு ஆகும் கூடுதல் செலவு ஆயிரத்துக்கு 48 ரூபாய்தான். சம்பளப் பட்டியல் கையில் இருந்தால் இதை ஆள்வாரியாக அவர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம்.

இருபத்தோராயிரம் என்னும் வேலி

இந்த நூல் எழுதும்போது இ.எஸ்.ஐ. வரம்பும் போனஸ் தகுதி வரம்பும் மாதம் 21,000 ரூபாய். 20,000 வாங்கும் சீனியருக்கு 1,500 உயர்வு கொடுத்தால் அவர் இரண்டையும் தாண்டிவிடுவார். இ.எஸ்.ஐ. உடனே நிற்காது, ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடரும். அதற்குப் பிறகு மனைவியின் பிரசவமும் அம்மாவின் டயாலிசிசும் அவர் பாடு. உயர்வு வாங்கி நஷ்டப்பட்டவர் இவர்தான். அடுத்த பொதுக்குழுவில் முதல் ஆளாக எழுந்து கத்துபவரும் இவர்தான்.

இதற்கு ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். வரம்பைத் தாண்டும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் நிர்வாகத்தின் செலவில் குழு மருத்துவக் காப்பீடு, தொகை குறிப்பிட்டு. சட்ட வரம்பைத் தாண்டினாலும் மற்றவருக்குத் தரும் அதே சதவீத போனஸ். போனஸ் சதவீதத்தை மட்டும் ஒப்பந்தத்தில் கட்டிப்போடாதீர்கள். 8.33-க்கும் 20-க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைத் தீபாவளிக்கு முன் தனியாகப் பேசுவதே நமக்கு நல்லது.

பஞ்சப்படி

டி.ஏ. வாசகத்தில் விலைவாசிக் குறியீட்டின் பெயர், அடிப்படை ஆண்டு, புள்ளிக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அடிப்படை ஆண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தொழிலாளர் நலப் பணியகம் 2020 செப்டம்பர் குறியீட்டிலிருந்து 2001=100 என்ற வரிசையை விட்டு 2016=100 வரிசைக்கு மாறியது. அகில இந்தியக் குறியீட்டுக்கு இணைப்புக் காரணி 2.88. புதிய வரிசையில் 139 என்பது பழைய வரிசையில் சுமார் 400. பழைய புள்ளிக்கு 4 ரூபாய் என்றிருந்தால், புதிய புள்ளி ஒவ்வொன்றுக்கும் 11 ரூபாய் 52 காசு வர வேண்டும். வாசகத்தில் 'புள்ளிக்கு 4 ரூபாய்' என்று மட்டும் இருந்தால் கணக்காளர் புதிய புள்ளிக்கும் 4 ரூபாயே போடுவார். மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், யாரும் எதையும் குறைக்காமலேயே. சென்னை மையக் குறியீட்டை வைத்திருப்பவர்களுக்கு இணைப்புக் காரணி வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.ஏ. முறையையே எடுத்துவிட்டு 'நிலையான தொகை' தருகிறேன் என்பது நிர்வாகங்களுக்குப் பிடித்த யோசனை. சென்னை ஆலை சம்பந்தப்பட்ட ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் நிர்வாகம் பழைய டி.ஏ. முறையை மாற்றப் பார்த்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. குறைந்தபட்சத் தேவையைக் கணக்கிடும்போது கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது அந்தத் தீர்ப்புதான். நீங்களே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் அந்தத் தீர்ப்பு உதவாது.

உற்பத்தி கேட்டால்

சம்பளம் கேட்டால் உற்பத்தி கேட்பார்கள். அதில் தவறில்லை, கணக்கில்தான் தவறு வரும். சி.என்.சி. லேத்தில் ஒரு பீஸுக்கு நாலு நிமிடம். ஷிப்டுக்கு 480 நிமிடம், ஆகவே 120 பீஸ் என்பது நிர்வாகத்தின் கணக்கு. சாப்பாடு 30, இரண்டு டீ 20, டூல் மாற்றம், செட்டிங், சுத்தம் செய்ய 30 நிமிடம் கழித்தால் மீதி 400, நூறு பீஸ். அந்த நூறும் மெஷின் நின்றால், கரண்ட் போனால், காஸ்டிங் வராவிட்டால், முதல் பீஸை குவாலிட்டிக்காரர் பார்த்துத் தர அரைமணி ஆனால் வராது.

எனவே எண்ணை ஒப்புக்கொள்ளும்போதே நிபந்தனையையும் எழுதுங்கள்: எந்தெந்த நிறுத்தம் கணக்கில் கழியும், அதை யார் எந்தப் புத்தகத்தில் குறிப்பது, ஆபரேட்டர் கையெழுத்து உண்டா. காஸ்டிங் கடினமாக வந்து இன்சர்ட் சீக்கிரம் தேய்ந்தால் யார் பொறுப்பு என்று ஃபவுண்டரியிலிருந்து மெஷின் ஷாப்வரை நடக்கும் சண்டை புதிதல்ல. அதையும் முன்கூட்டியே ஒரு வரியில் முடித்துவிடலாம். எண்ணை எட்டாததற்கு மெமோ கிடையாது, எட்டினால் ஊக்கத்தொகை உண்டு என்பது நல்ல வாசகம். ஒரு ஆள் இரண்டு மெஷின் என்ற கோரிக்கை வந்தால் அவசரப்படாதீர்கள். சைக்கிள் டைம் ஆறு நிமிடத்துக்கு மேல் உள்ள வேலையில் அது முடியலாம். ஒன்றரை நிமிட வேலையில் அது கையை இழக்கும் வழி. நேர ஆய்வு செய்ய வருபவரோடு கமிட்டி ஆள் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கட்டும். ஆய்வு நடக்கும் மெஷினில் ஷாப்பிலேயே கெட்டிக்காரரை நிறுத்த வேண்டாம் என்றும் கேளுங்கள். அவர் வேகம்தான் நாளைக்கு அறுபது பேருக்கும் அளவுகோல்.

மேசையில்

ஐந்து பேர் போதும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர். பெண்கள் வேலை செய்யும் அசெம்பிளி இருந்தால் கண்டிப்பாக ஒரு பெண். சம்மேளனத்திலிருந்து வெளித் தலைவர் வந்தால் அவர் பேசட்டும். எண்ணைச் சொல்லும் உரிமை மட்டும் ஒருவருக்கே. நடுவில் சந்தேகம் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மேசையிலேயே ஒருவரை ஒருவர் திருத்துவதைப் பார்க்க எதிர்ப்பக்கம் காத்திருக்கிறது.

அந்தப் பக்கம் முதலாளி, கல்லூரி முடித்து வந்திருக்கும் மகன், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஆலோசகராக. ஆலோசகருக்குச் சட்டம் தெரியும், ஆலை தெரியாது. மகனுக்கு எக்செல் தெரியும். பணம் யார் கையில் என்பது மூவருக்கும் தெரியும். ஆகவே பேச்சு முதலாளியிடம்தான். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பேசியதை அரைப் பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

இரண்டாம் கூட்டத்துக்கும் மூன்றாம் கூட்டத்துக்கும் நடுவில் செயலாளரைத் தனியாகக் கூப்பிடுவார்கள். "அண்ணா, நீங்க மட்டும் கேபினுக்கு வாங்க, ஒரு காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்." போகக் கூடாது என்று விறைக்க வேண்டாம், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஊர்ப் பெரியவர், சொந்தக்காரர், கோயில் தர்மகர்த்தா என்று யாராவது தூது வருவார்கள். அவரிடம் மரியாதையாக, "பெரியவங்க சொன்னா சரிங்க, கமிட்டியோட வந்து பேசறோம்" என்று சொன்னால் போதும், திரும்ப வரமாட்டார்.

முதல் எண் என்ன சொல்வது? கணக்குப் போட்டு நியாயப்படுத்தக்கூடிய தொகையைப்போல் ஒன்றரை மடங்கு என்பது என் வழக்கமான ஆலோசனை. பத்தாயிரம் கேட்டு இரண்டாயிரத்தில் முடிக்கும் கமிட்டியை அடுத்த முறை முதலாளியும் நம்பமாட்டார், தொழிலாளியும் நம்பமாட்டார்.

வேலைநிறுத்தம்

இதில் விதி இப்போது கடுமை. 14 நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைக்கும் கட்டாயம். சமரச அதிகாரி முதல் கூட்டம் நடத்திவிட்டால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள்வரையும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. தொழிலாளரில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம். பத்துப் பேரோ அதற்கு மேலோ முன்னறிவிப்பின்றிச் சேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கலாம்.

சட்டத்தைவிட முக்கியமானது சந்தை. சிறு ஆலையின் வாடிக்கையாளருக்கு இன்னொரு சப்ளையர் எப்போதும் உண்டு. இரண்டு வாரம் நின்றால் ஆர்டர் மாறலாம். மாறிய ஆர்டர் உங்கள் வெற்றிக்குப் பிறகு திரும்பாமலும் போகலாம். பம்ப் தொழிலுக்குக் கோடைதான் சீசன். ஜனவரி முதல் மே வரை முதலாளிக்கு டெலிவரி நெருக்கடி. ஜூலைக்குப் பிறகு குடோனில் சரக்கு தேங்கும். ஒப்பந்தம் முடியும் தேதியை ஆகஸ்ட் 31 என்று வைக்க நிர்வாகம் ஏன் ஆசைப்படுகிறது என்று இப்போது புரியும். டிசம்பர் 31 என்று எழுதி வாங்கினால், மூன்று வருடம் கழித்துப் பேச உட்காரும் கமிட்டிக்கு அதுவே பாதி பலம்.

"கதவைச் சாத்திப்போடுவேன்" என்ற மிரட்டலுக்கும் விதி உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையை மூட அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 300 பேருக்குக் குறைவான ஆலைக்கு முன் அனுமதி தேவையில்லை என்பதால் இந்த மிரட்டலை முழுக்க வெற்று என்று சொல்ல முடியாது.

பதினெட்டு-ஒன்றா, பன்னிரண்டு-மூன்றா

பழைய சட்டத்தின் பிரிவு எண்கள் போய்விட்டன. ஆலை வாசலில் பெயர் மட்டும் நிற்கிறது. இரு தரப்பும் தாங்களே உட்கார்ந்து கையெழுத்திட்டால் அது 'பதினெட்டு-ஒன்று': கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டுப்படுத்தும். தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) முன்னிலையில் சமரசத்தின்போது முடிந்தால் 'பன்னிரண்டு-மூன்று': ஆலையில் இருக்கும் எல்லோரையும், நாளை சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். புதிய தொகுப்பிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. ஒரே சங்கம், எல்லோரும் உறுப்பினர் என்றால் முதல் வகை போதும், சீக்கிரம் முடியும். இரண்டு சங்கம் இருந்தாலோ உறுப்பினர் அல்லாதவர் பத்துப் பேர் இருந்தாலோ இரண்டாவதுதான் பாதுகாப்பு. சமரசத்தில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பதும் நமக்குச் சாதகம். அதிகாரி பொதுவாக 45 நாளில், வேலைநிறுத்த நோட்டீஸ் இருந்தால் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சமரசம் தோற்றால் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். அரசு வழக்கை அனுப்பிவைக்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்தது.

கையெழுத்துக்கு முன்தினம் பொதுக்குழு கூட்டி வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். "டீ நேரத்துல அஞ்சு நிமிஷம் விட்டுக்குடுத்துட்டீங்களே" என்று யாராவது கேட்பார். ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் எடைபோட வேண்டும், ஒரு பிரிவை மட்டும் பிய்த்தெடுத்து அநியாயம் என்று சொல்ல முடியாது என்று 1976-ல் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே காரணத்தால், பிடிக்காத பிரிவு இருந்தால் சொல்ல வேண்டிய நாளும் அதுதான். நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

கையெழுத்துக்குப் பின்

முதல் மாதச் சம்பளச் சீட்டை அறுபது பேரிடமும் வாங்கிப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். தவறு பெரும்பாலும் டி.ஏ.விலும் சர்வீஸ் வெயிட்டேஜ் எனும் பணிக்கால உயர்விலும் இருக்கும். முதல் மாதமே எழுத்தில் சொன்னால் கணக்காளர் திருத்திவிடுவார், ஆறு மாதம் போனால் அது தகராறாகிவிடும்.

காலம் முடிந்ததாலேயே ஒப்பந்தம் இறந்துவிடாது. பெரும்பான்மைத் தொழிலாளர் சார்பில் எழுத்தில் முடிவு நோட்டீஸ் கொடுத்து 60 நாள் கழியும்வரை அது கட்டுப்படுத்தும். அதன் பிறகும் புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும்வரை பழைய சலுகைகளை நிர்வாகம் பறிக்க முடியாது என்று 1980-ல் எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸை ஒரு மாதம் தாமதமாகக் கொடுத்தால் பழைய சம்பளம் ஒரு மாதம் கூடுதலாக ஓடும். எனவே கையெழுத்தாகும் அன்றே மூன்று வருடம் தள்ளி வரும் அந்தத் தேதியைச் சங்க நோட்டில் குறித்து, நோட்டீஸின் வரைவையும் அதோடு வைத்துவிடுங்கள். அனுப்பும்போது ஸ்பீட் போஸ்டில் ஒன்று, ஆலை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கியது ஒன்று, தொழிலாளர் உதவி ஆணையருக்கு ஒரு நகல்.